ரீட் ஒன்லினு போட்டா டிஸ்க்குல எழுதாதுனு யாரு சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கம்ப்யூட்டர் சாட்சியம் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். புது சட்டத்த பத்தி சாதாரண ஆளுக்கும் புரியுற மாதிரி எழுதியிருந்தாங்க, நல்லா இருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு வரி, ஹார்ட் டிஸ்க்க ரீட் ஒன்லியா (படிக்க மட்டும், எழுத முடியாதபடி) மவுண்ட் பண்ணிட்டா (கம்ப்யூட்டர்ல சேத்து தொறந்துட்டா) அதுல ஒரு பைட்டு கூட மாறாது, தைரியமா தொறந்து பாக்கலாம்னு போட்டிருந்தீங்க. அது தப்புங்க. அச்சுப்பிழைனு விட்டுடலாம்னு பாத்தேன், முடியல, ஏன்னா இத நம்பி நானே ஒரு தடவ வேர்த்து விறுவிறுத்து நின்னவன். திருச்சில சின்னதா ஒரு டேட்டா ரெக்கவரி கடை வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி ஒரு காலேஜ்ல சிஸ்டம் அட்மின். லெட்டர் கொஞ்சம் நீளமா தான் வரும், இடம் இல்லேன்னா எங்க வேணா வெட்டிக்கோங்க, நோலோட்னு ஒரு மவுண்ட் ஆப்ஷன் பத்தி கீழ எழுதிருக்கறத மட்டும் வெட்டிடாதீங்க.

நடந்தது இதுதான். போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்த ரெண்டு பார்ட்னருக்குள்ள சண்டை. கல்யாண ஆல்பம் எல்லாத்தையும் நீ அழிச்சிட்டனு ஒருத்தர், டிஸ்க்கே எங்கிட்ட இல்லனு இன்னொருத்தர், கடைசில வக்கீல் வரைக்கும் போயிடுச்சு. அந்த ஸ்டுடியோவுல உபுண்டுங்கற லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுல 1 டிபி டிஸ்க்கு, எக்ஸ்ட்4 ஃபார்மட், அதாவது லினக்ஸ் டிஸ்க்குல ஃபைல அடுக்கி வைக்கற ஒரு முறை (ஃபைல் சிஸ்டம்). சண்டைல யாரோ ஷட்டவுன் கூட பண்ணாம ஒயர புடுங்கிட்டு டிஸ்க்க கழட்டிட்டாங்க, இந்த ஒயர் புடுங்குன விஷயம் தான் அப்புறம் எல்லாத்துக்கும் காரணம். வக்கீலோட ஜூனியர் பையன் ஒருத்தன் டிஸ்க்கோட வந்து அண்ணே காப்பி வேணும், ஹேஷ் வேல்யூ வேணும், ஃபார்ம்ல பார்ட் பி இருக்கு பாருங்க அது நெரப்பணும்னான். 2024 ஜூலை 1ல இருந்து அமலுக்கு வந்த பாரதிய சாக்‌ஷிய அதிநியம் 63வது பிரிவுல வர்ற சர்டிஃபிகேட் அது. பழைய எவிடென்ஸ் ஆக்ட்ல 65பினு இருந்தது தான், இப்ப ஹேஷ் வேல்யூவையும் எந்த முறைல எடுத்ததுங்கறதையும் ஃபார்ம்லயே கேக்குறாங்க, எம்டி5, ஷா1, ஷா256னு டிக் அடிக்க எடம் கூட இருக்கு.

ஹேஷ்னா என்னன்னு உங்க கட்டுரைலயே சொல்லிட்டீங்க, டிஸ்க்கோட கைரேகை மாதிரி, ஒரே ஒரு பிட் மாறுனாலும் மொத்த நம்பரும் வேற ஆயிடும். அதுல தான் நான் மாட்டுனேன். யூஎஸ்பி டாக்ல டிஸ்க்க போட்டு மொதல்ல ஷா256 எடுத்தேன், ரெண்டரை மணி நேரம் ஓடுச்சு, அப்புறம் இன்னொரு டிஸ்க்குக்கு இமேஜ், அதாவது ஒரு பிட் விடாம அச்சு அசலா ஒரு காப்பி, எடுத்தேன், அதுக்கும் ஹேஷ் பாத்தேன், ரெண்டும் ஒண்ணு. அதோட நிறுத்தியிருந்தா இந்த லெட்டரே கெடையாது. ஜூனியர் பையன் அண்ணே உள்ள ஃபோல்டர் இருக்கானு மட்டும் ஒரு பார்வை பாத்துடலாமானு கேட்டான், நானும் காப்பி இருக்கறப்ப காப்பிய தொறக்காம சோம்பேறித்தனமா டாக்ல இருந்த ஒரிஜினலயே ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணி காட்டுனேன். அஞ்சு நிமிஷம். ஆல்பம் எல்லாம் இருந்துச்சு. அன்மவுண்ட் பண்ணிட்டு, சீல் வைக்கறதுக்கு முன்னாடி எதுக்கும் இருக்கட்டும்னு திரும்ப ஹேஷ் போட்டுட்டு சாப்ட போய்ட்டேன். வந்து பாத்தா நம்பர் வேற.

சாப்ட சோறு தொண்டைக்கு வந்துடுச்சு. மொதல்ல டாக் மேல சந்தேகம், அப்புறம் கேபிள், அப்புறம் ரேம். டாக்க மாத்தி, டிஸ்க்க நேரா சாட்டா கேபிள்ல மாட்டி திரும்ப ஹேஷ் எடுத்தேன், ரெண்டாவதா வந்த அதே தப்பான நம்பர் தான் அச்சு அசலா திரும்ப வந்துச்சு. அங்க தான் கொஞ்சம் புத்தி வேல செஞ்சுது. கேபிளோ ரேமோ கோளாறுனா ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் வரணும், ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வருதுன்னா படிக்கறதுல கோளாறு இல்ல, டிஸ்க்குல உள்ளதே மாறிடுச்சு. யாரு மாத்துனா? கடைல நானும் அந்த பையனும் தான், நான் ரீட் ஒன்லினு தான் போட்டேன், ஹிஸ்டரில கமாண்ட் அப்டியே இருக்கு.

இமேஜையும் டிஸ்க்கையும் பைட்டு பைட்டா ஒப்பிடுற கமாண்ட் ஒண்ணு இருக்கு, அத ஓட்டுனேன். மொதல் வித்தியாசம் 1049600வது பைட்ட தாண்டின உடனேயே. இந்த நம்பர பாத்ததும் தொழில்ல இருக்கறவங்களுக்கு பொறி தட்டும். பார்ட்டிஷன் 2048வது செக்டார்ல ஆரம்பிக்கும், செக்டாருக்கு 512 பைட்டு, ஆக 1048576, அங்கிருந்து 1024 பைட்டு தள்ளி தான் எக்ஸ்ட்4ஓட சூப்பர் பிளாக், அதாவது அந்த ஃபைல் சிஸ்டத்தோட ஜாதகமே அதுல தான் இருக்கு. அதுக்கப்புறம் அங்கங்க கொஞ்சம் எடத்துல மாற்றம், ஐநோட் டேபிள்ல (ஒவ்வொரு ஃபைலோட விவரமும் இருக்கற பட்டியல்), பிட்மேப்ல (எந்த எடம் காலிங்கற குறிப்பு), அப்புறம் ஜர்னலோட (அது என்னனு கீழ சொல்றேன்) தலைப்பு பிளாக்குல. போட்டோ எதுலயும் கை படல. டிமெசேஜ்ங்கற கமாண்ட் போட்டு லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல் என்ன சொல்லிருக்குனு பாத்தேன், அது ஒளிக்காம மறைக்காம எல்லாத்தையும் சொல்லிருக்கு, நான் தான் பாக்கல:

"ரெக்கவரி ரிக்வயர்ட் ஆன் ரீட்ஒன்லி ஃபைல்சிஸ்டம்."
"ரைட் ஆக்சஸ் வில் பி எனேபிள்ட் டியூரிங் ரெக்கவரி."
"ஆர்ஃபன் கிளீனப் ஆன் ரீட்ஒன்லி எஃப்எஸ்."
"1 ஆர்ஃபன் ஐநோட் டெலிட்டட்."

அதாவது ரீட் ஒன்லியா தான் கேட்டிருக்க, ஆனா எனக்கு எழுத வேண்டிய வேல இருக்கு, எழுதிக்கறேன்னு சொல்லிட்டே எழுதிருக்கு.

இது ஏன்னு சொல்றேன். மளிகைக் கடைல வியாபாரம் நடக்கும்போது மொதலாளி சிட்டைல கிறுக்கி வச்சுப்பாரு, ராத்திரி கடைய சாத்தறப்ப பேரேட்டுல ஏத்துவாரு. எக்ஸ்ட்4ல ஜர்னல்ங்கறது அந்த சிட்டை. எந்த ஃபோல்டர்ல எந்த ஃபைல் சேந்துச்சு, எந்த பிளாக் காலியாச்சுங்கற கணக்கு மொதல்ல ஜர்னல்ல விழும், அப்புறமா தான் அதோட சொந்த எடத்துக்கு போகும். ஒழுங்கா ஷட்டவுன் பண்ணா சிட்டை முழுசா ஏத்தி முடிச்சு காலியா இருக்கும். ஒயர புடுங்குனா சிட்டைல பாதி கணக்கு அப்டியே நிக்கும், பேரேடு பழைய கணக்க காட்டும். அடுத்த தடவ மவுண்ட் பண்றப்ப கெர்னல் என்ன பண்ணும்னா, நீங்க படிக்கறதுக்கு கேட்டீங்களா எழுதறதுக்கு கேட்டீங்களாங்கறது அப்புறம், மொதல்ல சிட்டைய பேரேட்டுல ஏத்திடும். கெர்னல் எழுதறவங்கள குத்தம் சொல்ல முடியாது, லினக்ஸ் பூட் ஆகறப்ப ரூட் டிஸ்க்கையே (சிஸ்டம் இருக்கற டிஸ்க்கு) மொதல்ல ரீட் ஒன்லியா தான் மவுண்ட் பண்ணுவாங்க, செக் பண்ணிட்டு அப்புறம் தான் எழுதற மாதிரி மாத்துவாங்க, அந்த மொத மவுண்டுலயே கணக்கு நேராகலேன்னா செக் பண்ற புரோகிராமையே நம்பி படிக்க முடியாது. எக்ஸ்எஃப்எஸ்ங்கற இன்னொரு ஃபைல் சிஸ்டமும் இப்டி தான், ரீட் ஒன்லினாலும் லாக்க ஏத்திட்டு தான் தொறக்கும்.

அந்த ஆர்ஃபன் (அனாதை) விஷயம் இதவிட மோசம். ஒரு புரோகிராம் ஒரு ஃபைல தொறந்து வச்சிருக்கறப்பவே அந்த ஃபைல அழிச்சா லினக்ஸ்ல பேரு மட்டும் தான் போகும், உள்ள இருக்கறது அந்த புரோகிராம் மூடுற வரைக்கும் டிஸ்க்குல இருக்கும். அதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா அது அனாதையா நிக்கும், அதுக்குனு ஒரு லிஸ்ட் இருக்கு. மவுண்ட் பண்ற நேரத்துல கெர்னல் அந்த லிஸ்ட்ட பாத்து ஒவ்வொண்ணா விடுவிச்சுடும், அந்த பிளாக்கெல்லாம் காலினு பிட்மேப்ல குறிச்சுடும், எந்த பிளாக் எந்த ஃபைலோடதுங்கற முகவரியும் போயிடும். ரீட் ஒன்லியா கேட்டிருந்தாலும் கெர்னல் அந்த நேரத்துக்கு மட்டும் ரீட் ஒன்லி கொடிய எறக்கி வச்சுட்டு வேலைய முடிச்சுட்டு திரும்ப ஏத்திடும். அழிச்சாங்களா இல்லையானு தானே கேஸே. என் நேரம் நல்ல நேரம், எங்கிட்ட முன்னாடியே எடுத்த இமேஜ் இருந்துச்சு, அதுல போய் பாத்தா அந்த அனாதை ஃபைல் ஏதோ ஒரு புரோகிராமோட டெம்ப் ஃபைல் தான். அது டெம்ப் ஃபைலா இல்லாம இருந்து, இமேஜும் எடுக்காம இருந்திருந்தா?

இன்னொண்ணு சொல்றேன், இது கெர்னல் கோட்ல கமெண்ட்டாவே எழுதி வச்சிருக்காங்க. சூப்பர் பிளாக்ல கடைசியா எழுதுன நேரம்னு ஒரு கட்டம் உண்டு. ரீட் ஒன்லி மவுண்டுல சூப்பர் பிளாக்க எழுத வேண்டி வந்தா அந்த கட்டத்த மட்டும் தொடாம விட்டுடுவாங்க. காரணம் நம்மள மாதிரி ஆளுங்க தான், ஜிஎம்டிக்கு கிழக்கால இருக்கறவங்க. விண்டோஸுக்காக கம்ப்யூட்டர் கடிகாரத்த லோக்கல் டைம்ல வச்சிருந்தா, பூட் ஆகறப்ப லினக்ஸ் அத ஜிஎம்டினு நெனச்சுக்கும், நமக்கு அஞ்சரை மணி நேரம் எதிர்காலத்துல நேரம் விழுந்துடும், அப்புறம் டிஸ்க்க செக் பண்ற எஃப்எஸ்செக் புரோகிராம் இது என்ன நாளைக்கு எழுதுன டிஸ்க்கா இருக்குனு மொத்தமா செக் பண்ண ஒக்காந்துடும். அந்த தொல்லை வேணாம்னு பண்ண ஏற்பாடு. பூட் ஆகறதுக்கு நல்லது, ஆனா எனக்கு என்ன ஆச்சு, எழுதுனது நடந்திருக்கு, எழுதுன நேரம் பழசாவே நிக்குது.

சரி, உங்க கட்டுரைய எழுதுனவரும் சும்மா எழுதிருக்க மாட்டாரு, செஞ்சு பாத்திருப்பாரு. ஒழுங்கா அன்மவுண்ட் பண்ண டிஸ்க்க ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணிட்டு ஹேஷ் பாத்தா மாறாது, நானும் எத்தனையோ தடவ பாத்துட்டேன். அதனால தான் இந்த நம்பிக்கை சாகவே மாட்டேங்குது, எல்லாரும் நல்ல டிஸ்க்குல சோதிக்கறாங்க, கேஸுக்கு வர்றது ஒயர் புடுங்குன டிஸ்க்கு.

நான் அன்னிக்கு ராத்திரி கடைலயே ஒக்காந்து இத சின்னதா செஞ்சு பாத்தேன், லினக்ஸ் வச்சிருக்கற யாரு வேணா பத்து நிமிஷத்துல செய்யலாம், ஹார்ட் டிஸ்க்கே வேணாம். 64 எம்பிக்கு ஒரு காலி ஃபைல உண்டாக்கி அதுல எக்ஸ்ட்4 ஃபார்மட் பண்ணி, லூப்ல (ஃபைலயே டிஸ்க்கு மாதிரி காட்டற வசதி) மவுண்ட் பண்ணி உள்ள ஒரு ஃபைல எழுதி, அந்த ஃபைல் பேர மட்டும் சேத்து சிங்க் கமாண்ட் குடுத்துட்டு, அன்மவுண்ட் பண்ணாம உடனே அந்த 64 எம்பி ஃபைல அப்டியே ரெண்டு காப்பி எடுங்க. அந்த காப்பி தான் ஒயர் புடுங்குன டிஸ்க்கு. மொத காப்பில டம்ப்இ2எஃப்எஸ் கமாண்ட ஹைஃபன் எச் போட்டு ஓட்டுனா ஃபீச்சர் லிஸ்ட்ல "நீட்ஸ் ரெக்கவரி"னு ஒரு வார்த்தை நிக்கும் (சிட்டைய இன்னும் ஏத்தலனு அர்த்தம்), அது வெறும் படிக்கற கமாண்ட் தான், ஒண்ணும் எழுதாது. மவுண்ட் பண்றதுக்கு முன்னாடி இத பாத்திருந்தா எனக்கு அன்னிக்கு அந்த வேர்வை மிச்சம். இப்ப ஹேஷ் எடுத்துட்டு, ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணி அன்மவுண்ட் பண்ணிட்டு திரும்ப ஹேஷ் எடுங்க, மாறியிருக்கும், "நீட்ஸ் ரெக்கவரி"யும் காணாம போயிருக்கும்.

அடுத்து அந்த இன்னொரு காப்பிய எடுத்து லூப் டிவைஸயே ரீட் ஒன்லியா மாட்டுங்க, லோசெட்அப்ல ஹைஃபன் ஆர் போட்டு. இப்ப ரீட் ஒன்லி மவுண்ட் கேட்டா கெர்னல் கைய விரிச்சுடும், "ரைட் ஆக்சஸ் அன்அவெய்லபிள், கேனாட் ப்ரொசீட்"னு சொல்லி, கூடவே நோலோட் போட்டு பாருனு அதுவே யோசனையும் சொல்லும். நோலோட்னா சிட்டைய பாக்காத, பேரேட்ட மட்டும் காட்டுனு அர்த்தம். நோலோட் போட்டதும் தொறந்துச்சு, ஹேஷும் மாறல, அப்பாடானு ஃபைல் லிஸ்ட் காட்டற எல்எஸ் கமாண்ட் போட்டேன். நான் அஞ்சு நிமிஷம் முன்னாடி என் கையால எழுதுன ஃபைல காணோம்!

ஃபைல் எங்கயும் போகல. அதோட பேரு ஜர்னல்ல மட்டும் இருக்கு, ஃபோல்டருக்கு இன்னும் வந்து சேரல, நோலோட் போட்டதால அத படிக்கல. ஆக ஒரே டிஸ்க்கு, ஒரு வழில தொறந்தா ஃபைல் இருக்கு ஆனா டிஸ்க்கு மாறிடுது, இன்னொரு வழில தொறந்தா டிஸ்க்கு மாறல ஆனா ஃபைல் இல்லனு காட்டுது. இதுல எத கோர்ட்ல சொல்லுவீங்க? டிஸ்க்க மாத்தாம தொறந்தேன், அந்த ஃபைல் அதுல இல்லனு ஒருத்தர் சத்தியமா உண்மைய சொல்லிட்டே தப்பா சொல்ல முடியும், இதத்தான் மேல வெட்டிடாதீங்கனு கேட்டுக்கிட்டேன். சரியான வழி பழைய வழி தான், தொடாம ஹேஷ் எடு, இமேஜ் எடு, ஹேஷ் ஒத்துப் போகுதானு பாரு, ஒரிஜினல கவர்ல போட்டு ஒட்டு, இமேஜுக்கு ரெண்டு காப்பி போட்டு ஒண்ண நோலோட்லயும் ஒண்ண சிட்டைய ஏத்த விட்டும் தொறந்து ரெண்டுலயும் என்ன தெரியுதுனு எழுதி வை.

பிளாக் டிவைஸயே, அதாவது டிஸ்க்கயே, ரீட் ஒன்லினு குறிக்கற கமாண்ட் இருக்கே, பிளாக்டெவ் செட்ஆர்ஓ, அது போதாதானு தொழில்ல இருக்கறவங்க கேப்பாங்க. போடுங்க, நானும் போடுறேன், எக்ஸ்ட்4 அத மதிக்கும். ஆனா அதுவும் பூட்டு இல்ல, போர்டு தான். 2018ல அப்டி குறிச்ச டிவைஸுக்கு எழுத வந்தா கெர்னலே தடுக்கற மாதிரி ஒரு மாற்றம் கொண்டு வந்தாங்க, டிஸ்க் எடத்த பிரிச்சு சேத்து நிர்வகிக்கற எல்விஎம்ல பழைய டூல் வச்சிருந்தவங்களுக்கு அது இடிச்சதால லினக்ஸ உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸே அதுல ஒரு பகுதிய திருப்பி எடுத்துட்டாரு. அதுக்கப்புறம் ரீட் ஒன்லி டிவைஸுக்கு எழுத முயற்சி நடக்குதுனு லாக்ல ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், எழுத்து பாட்டுக்கு உள்ள போயிடும். பழைய கெர்னல்ல மொத்த டிஸ்க்குக்கு செட்ஆர்ஓ போட்டா உள்ள இருக்கற பார்ட்டிஷனுக்கு அது ஒட்டாது, பார்ட்டிஷனுக்கும் தனியா போடணும்.

நெனப்பு இருக்கும் உங்களுக்கு, ஆடியோ கேசட் முதுகுல ரெண்டு ஓரத்துலயும் சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும், அத ஒடச்சுட்டா மேல ரெக்கார்ட் ஆகாது, பாட்ட அழிச்சு புதுசா ரெக்கார்ட் பண்ணணும்னா அந்த ஓட்டைல செல்லோ டேப் ஒட்டுவோம். காது ஒடஞ்சா டேப்புக்கு ஒண்ணும் ஆகறது இல்ல, டெக்குல இருக்கற ஒரு லீவர் அந்த ஓட்டைய தடவி பாத்துட்டு பட்டன அமுங்க விடாது, அவ்ளோதான். எஸ்டி கார்டு ஓரத்துல இருக்கற லாக் பொத்தானும் அதே கத தான், கார்டுக்குள்ள எந்த ஒயரும் அதுக்கு கெடையாது, ரீடர் பாத்து மரியாதை குடுத்தா உண்டு. மவுண்டுல போடுற ரீட் ஒன்லியும் அந்த காது தான், எனக்கும் உங்களுக்கும் எழுத விடாம கெர்னல் பாத்துக்கும், கெர்னலே எழுதுனா அத பாத்துக்க ஆளில்ல. அதுக்கு தான் டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல மாட்டற ரைட் பிளாக்கர் பெட்டி, உங்க கட்டுரைல எழுத்துத் தடுப்பான்னு அழகா பேர் வச்சிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா அது இருக்கறப்பவும் "ரீட் ஒன்லி மவுண்ட் இருந்தா இது அவசியம் இல்ல"னு அடுத்த வரிலயே போட்டு கெடுத்துட்டீங்க.

இதுக்கு நேர் எதிரான கேஸும் கடைக்கு வரும், அதான் ஜாஸ்தி. நாம கேக்காமலே டிஸ்க்கு ரீட் ஒன்லி ஆயிடுச்சுனு வருவாங்க. டிஸ்க்குல கோளாறு தெரிஞ்சா மேல எழுதி கெடுக்க வேணாம்னு கெர்னலே கதவ சாத்திக்கும், எர்ரர்ஸ் ஈக்வல் ரீமவுண்ட் ஆர்ஓனு (கோளாறுனா ரீட் ஒன்லியா மாத்து) ஒரு செட்டிங், டெபியன்ங்கற லினக்ஸ்ல ரூட் டிஸ்க்குக்கு இன்ஸ்டால் பண்றப்பவே அத போட்டு தான் தருவாங்க. நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா பர்மிஷன் பிரச்சனைனு நெனச்சு எல்லாருக்கும் எல்லா உரிமையும் குடுக்கற சிஎச்மாட் 777 போடுவாங்க, அதுவும் ரீட் ஒன்லினு திட்டும், எழுதற மாதிரி ரீமவுண்ட் குடுப்பாங்க, ஜர்னல் அபார்ட் ஆகியிருந்தா (கோளாறுல நின்னு போயிருந்தா) அதுவும் ஆகாது, கடைசில ரீஸ்டார்ட் பண்ணி ஒரு நாள் ஓட்டிட்டு மறுநாள் டிஸ்க்கு மொத்தமா செத்ததும் எங்கிட்ட தூக்கிட்டு வருவாங்க. மொதல்ல டிமெசேஜ் பாருங்கப்பானு போர்டே எழுதி மாட்டலாம்னு இருக்கேன்.

இன்னொரு கொழப்பம். மவுண்ட் லிஸ்ட்ல ரீட் ஒன்லினு பாத்த உடனே நிம்மதி ஆயிடக் கூடாது. ஒரே ஃபைல் சிஸ்டத்த ரெண்டு எடத்துல காட்டலாம், ஒரு எடத்துல ரீட் ஒன்லி, இன்னொரு எடத்துல தாராளமா எழுதலாம், 2008ல வந்த 2.6.26 கெர்னல்ல இருந்து இது உண்டு. ப்ராக் செல்ஃப் மவுண்ட்இன்ஃபோங்கற ஃபைல்ல ஒவ்வொரு வரிலயும் ரெண்டு தடவ ஆர்ஓ (ரீட் ஒன்லி) இல்ல ஆர்டபிள்யூ (எழுதவும் செய்யலாம்) வரும், ஹைஃபனுக்கு முன்னாடி வர்றது அந்த மவுண்ட் பாயிண்டோடது, ஹைஃபனுக்கு பின்னாடி கடைசில வர்றது சூப்பர் பிளாக்கோடது. முன்னாடி ஆர்ஓவும் பின்னாடி ஆர்டபிள்யூவும் இருந்துச்சுன்னா நீங்க பாக்கற வாசல் தான் பூட்டி இருக்கு, கொல்லப்பக்கம் தொறந்து கெடக்கு.

இதெல்லாம் ஏதோ ரகசியம்னு நெனச்சுடாதீங்க. மவுண்ட் கமாண்டோட மேனுவல்லயே இருக்கு, ரீட் ஒன்லினு குடுத்தாலும் ஃபைல் சிஸ்டத்தோட நெலமைய பொறுத்து டிஸ்க்குல எழுதலாம், எக்ஸ்ட்3யும் எக்ஸ்ட்4ம் ஜர்னல ஏத்தும், வேணாம்னா நோலோட் போடு, இல்ல டிவைஸ ரீட் ஒன்லி ஆக்குனு. அந்த கமாண்ட பல வருஷமா அடிக்கறேன், அந்த பத்திய அன்னிக்கு தான் மொதல் தடவ படிச்சேன்.

ஸ்டுடியோ கேஸ் என்ன ஆச்சுனு கேப்பீங்க. அந்த ஜூனியர் பையன்கிட்ட நடந்தத அப்டியே சொன்னேன், மொத ஹேஷ், இமேஜோட ஹேஷ், நான் பண்ண மவுண்ட், அதுக்கப்புறம் மாறுன ஹேஷ், டிமெசேஜ்ல வந்த வரிங்க, எந்தெந்த பைட்டு மாறுச்சுங்கற லிஸ்ட்டு, எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு குடுத்தேன். அண்ணே இதெல்லாம் போட்டா எங்க சீனியர் திட்டுவாருனான், போடலேன்னா எதிர்த்தரப்புல எவனாவது ஹேஷ் போட்டு பாத்தா என்னைய கூண்டுல ஏத்துவான்னு சொன்னேன். ரெண்டு பார்ட்னரும் அப்புறம் வெளியவே பேசி முடிச்சுட்டாங்களாம், அந்த பேப்பர யாரும் பாக்கவே இல்ல, எனக்கு குடுக்க வேண்டிய பாக்கி காசும் இன்னும் வரல.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போட்டீங்கன்னா, "ரீட் ஒன்லி மவுண்ட் போதும்"ங்கறத எடுத்துட்டு "இமேஜ் எடுக்காம ஒரிஜினல எந்த வகைலயும் மவுண்ட் பண்ணக் கூடாது"னு போடுங்க, ரெண்டு வரி எடம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், டேட்டா ரெக்கவரி கடைக்காரன்,
திருச்சி.